காரை எடுத்தா பல்லு ஆடுமா?

"க்ளீன் பண்ணாதே... அப்புறம் பல்லு ஒவ்வொண்ணா ஆட ஆரம்பிச்சுடும்."

திருத்தணியில இந்த வசனம் இல்லாத வீடு கிடையாது. பக்கத்து வீட்டுப் பாட்டி, மளிகைக்கடைக்காரர், நகரியில இருந்து பஸ் ஏறி வர்ற உறவுக்காரங்க... எல்லாரும் ஒரே குரல்ல சொல்லுவாங்க. ஒவ்வொருத்தர்கிட்டயும் ஒரு சாட்சியும் தயாரா இருக்கும். "எங்க சித்தப்பா க்ளீன் பண்ணிட்டு வந்தாரு. மூணே மாசம், முன்பல்லு ரெண்டும் போச்சு!"

இதுல வேடிக்கை என்னன்னா, சாட்சி சொல்றவங்க யாரும் பொய் சொல்லலை. சித்தப்பாவுக்குப் பல்லு போனது நிஜம். அதுக்கு முன்னாடி க்ளீன் பண்ணதும் நிஜம். முன்னாடி நடந்ததையே காரணம்னு முடிவு கட்டிட்டாங்க, அவ்வளவுதான். நம்மள மாதிரி பொட்டி தட்டுறவங்களுக்கு இது பழக்கமான கேஸ். எவனோ எப்பவோ எழுதி வெச்ச ப்ரோக்ராம் உள்ளுக்குள்ள உளுத்துப் போயிருக்கும். கடைசியா அதைத் தொட்டவன் தலையிலதான் எல்லாப் பழியும் விழும். :-)

என் சித்தி பொண்ணு ஒரு டென்டல் ஹைஜீனிஸ்ட். எங்க ஊர்லயே ஒரு பல் டாக்டர்கிட்ட வேலை பாக்கறா. அவகிட்ட கேட்டுக் கேட்டு, அப்புறம் நானும் கொஞ்சம் படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டதுதான் இந்தப் பதிவு. எங்க அம்மாவோட பல்லும் இதுல வருது.

காரைன்னா என்ன?

எங்க பக்கம் பல்லுல படியற கெட்டி அழுக்குக்குக் காரைன்னு பேர். தெலுங்குலயும் 'கார'ன்னுதான் சொல்றாங்க. ரெண்டு மொழியிலயும் சுவத்துக்குப் பூசற சுண்ணாம்புப் பூச்சுக்கும் அதே பேர்தான். 1960 ஏப்ரல் 1 அன்னிக்கு திருத்தணி சித்தூர் மாவட்டத்துல இருந்து பிரிஞ்சு இந்தப் பக்கம் வந்துச்சு. எல்லைக்கோடு மாறினாலும் காரை ரெண்டு பக்கமும் காரையாவே இருக்கு. :-)

பேர் வெச்சவன் சரியாத்தான் வெச்சிருக்கான். பல் மேல முதல்ல படியறது பிசுபிசுன்னு ஒரு படலம், முழுக்கக் கிருமிங்க. அந்த நிலையில ப்ரஷ் போட்டுத் தேய்ச்சா போயிடும். விட்டு வெச்சா எச்சில்ல இருக்கற கால்சியமும் பாஸ்பேட்டும் அதுல இறங்கி கெட்டியாகும். சிலருக்கு ரெண்டு நாள்லயே பாதி கெட்டியாயிடும். போர்வெல் தண்ணி வர்ற வீட்டுல குழாய் வாயில வெள்ளையா உப்பு படியுமே, கிட்டத்தட்ட அந்த மாதிரி. அதுக்கப்புறம் எந்தப் பேஸ்ட்டும் எந்த ப்ரஷ்ஷும் ஒண்ணும் பண்ண முடியாது. சுரண்டித்தான் எடுக்கணும்.

எங்க அதிகமா படியும்? எச்சில் சுரப்பியோட வாய் எங்க திறக்குதோ அங்க. கீழ் வரிசை முன்பல்லோட உள்பக்கம், மேல் வரிசை கடைவாய்ப்பல்லோட கன்னத்துப் பக்கம். நாக்கை மடிச்சு கீழ் முன்பல்லுக்குப் பின்னாடி தடவிப் பாருங்க. சொரசொரன்னு திண்ணை மாதிரி ஏதாவது தட்டுப்பட்டா அதுதான் நம்ம ஆள்.

வெளியில தெரியற காரையை விட, ஈறுக்குள்ள ஒளிஞ்சிருக்கற காரைதான் வில்லன். அது கறுப்பா, பழுப்பா, வேரோட ஒட்டிக்கிட்டு இருக்கும். சொரசொரப்பான அது மேல கிருமிங்க சௌகரியமா குடியிருக்கும். அதுங்களோட சண்டை போடற உடம்பு, சண்டையில தன்னோட எலும்பையே விட்டுக்கொடுத்துப் பின்வாங்கும். பல்லைப் பிடிச்சிருக்கற எலும்பு கொஞ்சம் கொஞ்சமா கீழ போகும். ஈறுக்கும் பல்லுக்கும் நடுவுல பை மாதிரி ஒரு பள்ளம் விழும். வலிக்காது. அதுதான் கொடுமையே.

இப்ப சித்தப்பா கதைக்கு வருவோம். எலும்பு பாதி போயிடுச்சு. ஆனா பல்லுக்குப் பல்லு நடுவுல காரை சிமென்ட் மாதிரி நிக்குது. ஆடற பல்லையெல்லாம் சேத்துக் கட்டி வெச்சிருக்கு. அதை எடுத்ததும் உள்ள இருந்த ஆட்டம் வெளியில தெரியுது. வீங்கின ஈறு வத்தினதும் பல் நீளமாத் தெரியுது, சந்து தெரியுது. 'க்ளீன் பண்ணதால சந்து விழுந்துடுச்சு'ங்கறது இதைத்தான். சந்து ஏற்கெனவே இருந்துச்சுங்க. காரை போட்டு மூடியிருந்துச்சு.

சரி, இதைச் சொன்னா யாராவது நம்புவாங்களா? நம்ப மாட்டாங்க. எங்க அம்மா நம்பலை. எப்படி நம்பினாங்கன்னு பின்னாடி சொல்றேன். அதுக்கு முன்னாடி கருவிங்களைப் பாத்துடலாம்.

கொக்கிகள்

தங்கச்சியோட தட்டுல இருக்கறதைப் பாத்தா எனக்கு ஆசாரி பெட்டி ஞாபகம்தான் வந்துச்சு. விதவிதமா கொக்கிங்க. பழைய சமாச்சாரம் இது. ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடியே ஸ்பெயின்ல கொர்டோபா நகரத்துல இருந்த அல் ஸஹ்ராவிங்கற மருத்துவர் காரை சுரண்டறதுக்கு 14 சுரண்டிகளைப் படம் போட்டு எழுதி வெச்சிருக்கார். இப்ப புழக்கத்துல முக்கியமா ரெண்டு ஜாதி.

ஒண்ணு, அரிவாள் மாதிரி வளைஞ்ச சிக்கிள் ஸ்கேலர். முனை கூரா இருக்கும், குறுக்கே வெட்டிப் பாத்தா முக்கோணம். ஈறுக்கு மேல இருக்கற கெட்டிக் காரைக்கு இது. பல்லுக்கும் பல்லுக்கும் நடுவுல அழகா நுழையும். ஆனா ஈறுக்குள்ள ஆழமா விடக்கூடாது. கூர்முனை சதையைக் கிழிச்சுடும்.

ரெண்டாவது, க்யூரெட். முனை மழுங்கி ஸ்பூன் மாதிரி இருக்கும், முதுகு உருண்டையா இருக்கும். ஈறுக்குள்ள போறதுக்கே பொறந்தது. இதுல பேர் போனது க்ரேஸி க்யூரெட். அமெரிக்காவுல மிச்சிகன்ல இருந்த க்ளேட்டன் க்ரேஸிங்கற பல் மருத்துவர் போன நூற்றாண்டோட முதல் பாதியில வடிவமைச்சது. இவரோட யோசனை என்னன்னா, எல்லாப் பல்லுக்கும் ஒரே கொக்கி சரிவராது, ஒவ்வொரு இடத்துக்கும் தனித்தனி வளைவு வேணும். அதனால கருவிக்கெல்லாம் நம்பர். 1-2ல இருந்து 5-6 வரைக்கும் முன்பல் பக்கம். 7-8, 9-10 கடைவாய்ப்பல்லோட கன்னப்பக்கம், நாக்குப்பக்கம். 11-12 கடைவாய்ப்பல்லோட முன்பக்கத்துக்கு, 13-14 பின்பக்கத்துக்கு. சாதாரண க்யூரெட்டுல ரெண்டு விளிம்பும் வெட்டும். க்ரேஸியில ஒரு விளிம்புதான் வேலை செய்யும், இன்னொண்ணு சதைப்பக்கம் சும்மா இருக்கும்.

"நம்பரைப் பாத்து எடுத்தா யாரும் பண்ணிடலாமா?"ன்னு கேட்டேன். முறைச்சா. "அண்ணா, கொக்கி எல்லாருக்கும் ஒண்ணுதான். கோணம்தான் வித்தியாசம்."

கோணம்னா என்ன? மலைக்கோயில்ல மொட்டை அடிக்கறவங்க கையைப் பாத்திருக்கீங்களா? கத்தியைத் தலையோட படுக்க வெச்சா முடி வராது, வழுக்கிட்டுப் போகும். நிமித்தி வெச்சா தோல் போயிடும். ரெண்டுக்கும் நடுவுல ஒரு சாய்வு இருக்கு. க்யூரெட்டுக்கும் அதே கதைதான். ஈறுக்குள்ள நுழைக்கும்போது முகத்தைப் பல்லோட ஒட்டிப் படுக்க வெச்சு, வலிக்காம உள்ள விடணும். காரையோட அடிப்பக்கம் போனதும் திருப்பி, 45 டிகிரிக்கு மேல 90க்குள்ள கோணம் வெச்சு இழுக்கணும். 45க்குக் கம்மியானா காரை மேல வழுக்கும். 90க்கு மேல போனா சதையைச் சீவும்.

அடுத்தது, விரல் ஊன்றுகோல். மொட்டை அடிக்கறவர் ஒரு விரலையாவது தலையில ஊனித்தான் கத்தியை ஓட்டுவார். ஏன்னா குழந்தை எப்ப தலையை ஆட்டும்னு தெரியாது. ஹைஜீனிஸ்ட்டும் மோதிர விரலைப் பக்கத்துப் பல் மேல ஊனிக்கறாங்க. கருவியைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் பிடிக்கும், நடுவிரல் கழுத்துல படியும். பேனா பிடிக்கற மாதிரிதான், ஆனா கொஞ்சம் மாத்தி. நோயாளி திடீர்னு இருமினாலும் கையும் தலையோட சேந்து நகரும், கருவி வழுக்காது. இழுக்கற பலம் விரல்ல இருந்து வரக்கூடாது. மணிக்கட்டும் முன்கையும் சேந்து திரும்பணும். விரலாலயே இழுத்தா ஒரு மாசத்துல கை போயிடும்.

இழுப்பும் ரெண்டு வகை. தேடற இழுப்பு, எடுக்கற இழுப்பு. தேடும்போது கருவியைப் பூ மாதிரி பிடிக்கணும். அப்பதான் காரை இருக்கற இடம் விரல் நுனிக்குத் தெரியும். ஏன்னா ஈறுக்குள்ள என்ன இருக்குன்னு கண்ணுக்குத் தெரியாது. முழுக்க முழுக்கத் தொடுவுணர்ச்சி வேலை. கண்டுபிடிச்சதும் அழுத்திப் பிடிச்சு, சில மில்லிமீட்டர் மட்டும், சின்னச் சின்னதா, ஒண்ணு மேல ஒண்ணு ஏறற மாதிரி இழுக்கணும். ஏர் ஓட்டற மாதிரி, சால் விடாம.

எல்லாத்துக்கும் மேல சாணை. மழுங்கின கருவி காரையை எடுக்காது, மேல்பக்கத்தை மெழுகி வழவழப்பாக்கிடும். அப்புறம் தடவிப் பாத்தா பல்லா காரையான்னே தெரியாது, சுத்தமாயிடுச்சுன்னு நினைச்சு அனுப்பிடுவாங்க. அதனால விளிம்பை வெளிச்சத்துல காட்டிப் பாக்கறாங்க. மழுங்கின விளிம்புல வெள்ளைக்கோடு மாதிரி வெளிச்சம் திரும்பும், கூர் விளிம்புல திரும்பாது. சாணைக் கல்லுல ஒரு வகைக்கு 'இந்தியா ஸ்டோன்'னே பேர். சந்தோஷப்படாதீங்க, அது தொழிற்சாலையில செய்யற அலுமினியம் ஆக்ஸைடு கல்லு. :-)

மெஷின்

இப்ப நம்ம ஊர்ல 'க்ளீனிங்'னாலே எல்லாரும் நினைக்கறது 'ங்ஙீஈஈ'ன்னு கத்தற அந்த மெஷினைத்தான். அல்ட்ராசோனிக் ஸ்கேலர். 1950கள்ல முதல்ல பல்லுல குழி வெட்டறதுக்குத்தான் இந்த அதிர்வைப் பயன்படுத்திப் பாத்தாங்க. 1955ல ஸின்னர்ங்கறவர் இதை வெச்சுக் காரை எடுக்கலாம்னு எழுதினார். குழி வெட்டறதுக்கு அதைவிட வேகமான காத்துச் சுழலி வந்துடுச்சு. ஆனா காரை எடுக்கற வேலை மட்டும் இந்த மெஷின் கையிலயே தங்கிடுச்சு.

இதுலயும் ரெண்டு ஜாதி. ஒண்ணு மேக்னெட்டோஸ்ட்ரிக்டிவ். காந்தப்புலம் மாறும்போது நிக்கல் தகடுங்க நுணுக்கமா நீண்டு சுருங்கும், முனை நீள்வட்டமா ஆடும். இன்னொண்ணு பியெஸோ. மின்சாரம் பாஞ்சா படிகம் சுருங்கி விரியும், முனை முன்னும் பின்னும் நேர்கோட்டுல ஆடும். அதனால பியெஸோ முனையோட ரெண்டு பக்கவாட்டைத்தான் பல்லுல வெக்கணும். வேகம் மோட்டாமோட்டியா வினாடிக்கு 25,000ல இருந்து 50,000 தடவைக்குள்ள. நம்ம கையில கட்டற குவார்ட்ஸ் வாட்ச்சுக்குள்ள இருக்கற படிகம் வினாடிக்கு 32,768 தடவை அதிரும். ரெண்டும் ஒரே தத்துவம், கிட்டத்தட்ட ஒரே வேகம். கல்யாணத்துக்கு வந்த வாட்ச்சும் பல் டாக்டர் மெஷினும் தூரத்துச் சொந்தம்னு வெச்சுக்கலாம்.

இதெல்லாம் இல்லாம காத்துல ஓடற சோனிக் ஸ்கேலர்னும் ஒண்ணு இருக்கு. அதோட வேகம் சில ஆயிரம்தான்.

மெஷின்ல இருந்து தண்ணி பீச்சிக்கிட்டே இருக்கும். அது வாய் கொப்பளிக்க இல்ல. அதிர்ற முனை சூடாகும், அதைத் தணிக்கணும். உடைஞ்ச காரையையும் கிருமியையும் பைக்குள்ள இருந்து அலசி வெளியேத்தணும். அதிர்வுல தண்ணிக்குள்ள நுண்ணிய குமிழிங்க உண்டாகி வெடிக்கும், அதுவும் கொஞ்சம் உதவும்.

'மெஷின் எனாமலைத் தின்னுடும்'னு ஒரு பயம். பயத்துல ஒரு துளி உண்மை இருக்கு. முனையோட நுனியைப் பல்லுல குத்தி நிறுத்தினா கீறல் விழும்தான். சரியான முறை என்னன்னா, முனையைப் பல்லோட கிட்டத்தட்டப் படுக்க வெச்சு, 15 டிகிரிக்குள்ள, பக்கவாட்டு மட்டும் படற மாதிரி, ஒரே இடத்துல நிக்காம நகத்திக்கிட்டே இருக்கணும். அழுத்தக் கூடாது. அழுத்தினா அதிர்வு செத்துப் போயிடும், சூடுதான் மிஞ்சும். அதாவது கைக்கொக்கிக்குப் பலம் வேணும், மெஷினுக்குப் பலம் கூடாது. புதுசா கத்துக்கறவங்களுக்கு இந்த மாத்தம்தான் கஷ்டமாம். கை பழக்கத்துல அமுக்கிடும்.

முனை தேயவும் தேயும். 1 மி.மீ. தேஞ்சா வேலைத்திறன்ல கால்வாசி போச்சு, 2 மி.மீ. தேஞ்சா பாதி போச்சு, தூக்கிப் போட்டுடணும். அளந்து பாக்க ஒரு அட்டை உண்டு. தங்கச்சி வாராவாரம் முனைங்களை அந்த அட்டையில வெச்சுப் பாக்கறா.

எது ஒசத்தி?

நான் எதிர்பாத்தது மெஷின்தான் ஜெயிக்கும்னு. ஆராய்ச்சிங்க சொல்றது வேற. கையால எடுத்தாலும் மெஷின்ல எடுத்தாலும் ஈறு ஆர்ற அளவு கிட்டத்தட்ட ஒண்ணுதான். மெஷின்ல சுமார் மூணுல ஒரு பங்கு நேரம் மிச்சம். பெரிய காரைப் பாறையை மெஷின் வேகமா உடைக்கும். கடைவாய்ப்பல்லுல வேர் ரெண்டா பிரியற இடுக்குல மெல்லிசு மெஷின் முனை நல்லாப் போகும். ஆனா வேர்ல ஒட்டியிருக்கற கடைசிச் சொரசொரப்பைக் கண்டுபிடிக்கறது கைதான். அதனால நிறைய பேர் மெஷின்ல ஆரம்பிச்சு கையில முடிக்கறாங்க.

2020ல கொரோனா வந்தப்ப கைக்கொக்கிக்குத் திடீர்னு மவுசு கூடிச்சு. மெஷின் பீச்சற தண்ணி எச்சிலையும் ரத்தத்தையும் சேத்துப் புகை மாதிரி அறை முழுக்கப் பரப்பும். முடிஞ்சவரைக்கும் மெஷினைத் தவிர்த்துக் கையால பண்ணுங்கன்னு அப்ப சொன்னாங்க. கைவேலை மறக்காதவங்க பொழைச்சாங்க.

அதுக்கு விலையும் இருக்கு. நாள் பூரா சின்னப் பிடியைப் பிடிச்சுக்கிட்டு இருந்தா மணிக்கட்டு நரம்பு அமுங்கி விரல் மரத்துப் போகும். இந்தத் தொழில்ல இது சகஜம். நமக்கு கீபோர்டுல வர்ற அதே வியாதி. தடிமனான பிடி, கூரான விளிம்பு, சரியா உக்காரறது, நடுவுல நடுவுல மெஷின்... இதெல்லாம் அவங்க கையைக் காப்பாத்தற விஷயம்.

அம்மா

எங்க அம்மாவுக்குச் சுகர் உண்டு. சுகருக்கும் ஈறு நோய்க்கும் ரெண்டு பக்கமும் உறவு. சுகர் கூடினா ஈறு கெடும், ஈறு கெட்டா சுகர் கட்டுப்படாது. ஈறுக்கு ஒழுங்கா வைத்தியம் பண்ணா மூணு, நாலு மாசத்துல ஹெச்பிஏ1சி சராசரியா 0.4 அளவுக்கு இறங்குதுன்னு 2022ல வந்த காக்ரேன் ஆய்வுத்தொகுப்பு சொல்லுது.

ஆனா அம்மா வாயைத் திறக்க மாட்டேன்னுட்டாங்க. சில வருஷம் முன்னாடி சென்னையில ஒரு இடத்துல (பேர் வேணாம்) அளவும் எடுக்காம, எக்ஸ்ரேயும் எடுக்காம, பத்தே நிமிஷத்துல மெஷினை ஓட்டி அனுப்பிட்டாங்க. ஈறுக்கு மேல மட்டும் பளபளன்னு ஆச்சு. ஈறுல ரத்தம் நிக்கலை. தறிச் சத்தத்துக்கு நடுவுல பொறந்து வளந்தவங்க, அந்த 'ங்ஙீ' சத்தத்தை நினைச்சாலே காதைப் பொத்திக்கறாங்க. கீழ் வரிசையில ஒரு முன்பல்லு வேற லேசா ஆடுது. "தொட்டா விழுந்துடும்டா."

தங்கச்சி விளக்கம் எதுவும் சொல்லலை. "பெரியம்மா, இன்னிக்கு க்ளீன் பண்ணப் போறதில்ல. அளக்கப் போறேன், அவ்வளவுதான்"னா.

மில்லிமீட்டர் கோடு போட்ட மெல்லிசுக் கம்பி ஒண்ணு, ப்ரோப்னு பேர். பல்லைச் சுத்தி ஆறு இடத்துல ஈறுக்குள்ள மெதுவா விட்டு ஆழம் பாக்கணும். 3 மி.மீ. வரைக்கும் சாதாரணம். 28 பல்லுக்கு 168 எண். மலைப்படி 365ல பாதிகூட இல்ல. :-) அம்மா கையில கண்ணாடியைக் குடுத்து, ஒவ்வொரு எண்ணையும் சத்தமா சொல்லிச் சொல்லிக் கார்டுல எழுதினா. மூணு, மூணு, நாலு, அஞ்சு, ஆறு... அந்த ஆடற முன்பல்லு வந்தப்ப 'எட்டு'. அம்மா விரலையே பல் மேல வெச்சு, பக்கவாட்டுல மட்டுமில்ல, மேலயும் கீழயும் கூட அசையறதைக் காட்டினா. டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்துல வெச்சு, அந்தப் பல்லைச் சுத்தி எலும்பே இல்லாததைக் காட்டி, "இது நிக்காதும்மா. மத்ததைக் காப்பாத்தலாம்"னார்.

அதுக்கப்புறம்தான் வேலை. ரெண்டு உக்காரல். மேல் காரையெல்லாம் தங்கச்சி மெஷின்ல. ஆழமான பைங்களுக்கு டாக்டர் மரத்துப்போக ஊசி போட்டு, க்ரேஸி கொக்கியால. ஒரு வாரம் ஜில்லுத் தண்ணி பட்டா கூச்சம் இருந்துச்சு, அப்புறம் சரியாப் போச்சு. ரெண்டு மாசம் கழிச்சுத் திரும்ப அளந்தப்ப அஞ்சு, ஆறெல்லாம் மூணு, நாலுக்கு வந்திருந்துச்சு. ப்ரஷ்ல ரத்தம் இல்ல.

அந்த முன்பல்லு? டாக்டர் சொன்ன மாதிரியே நடுவுல எடுக்க வேண்டியதாப் போச்சு.

பக்கத்து வீட்டுப் பாட்டி சும்மா இருப்பாங்களா? "பாத்தியா, நான்தான் அப்பவே சொன்னேனே. க்ளீன் பண்ணாங்க, பல்லு போச்சு." நான் வாயைத் திறக்கறதுக்குள்ள அம்மாவே சொன்னாங்க: "இல்லக்கா. அதுல எட்டு இருந்துச்சு. கை வெக்கறதுக்கு முன்னாடியே எட்டுதான். நானே கண்ணாடியில பாத்தேன்."

நான் நாலு வருஷமா சொல்லிப் புரியவெக்க முடியாததை ஒரு எண் புரியவெச்சுடுச்சு. சித்தப்பாவுக்கு யாராவது இப்படி முதல்ல அளந்து காட்டியிருந்தா, ஊர்ல ஒரு சாட்சி குறைஞ்சிருக்கும். பயப்படாதீங்கன்னு நூறு தடவை சொல்றதை விட, கருவியை எடுக்கறதுக்கு முன்னாடி அளந்து எழுதிக் காட்டறதுதான் மருந்துன்னு எனக்குத் தோணுது.

போறவங்க கவனத்துக்கு

நாற்காலியில உக்காரறதுக்கு முன்னாடி கேக்க வேண்டியது:

1. ஈறு ஆழம் அளந்து எழுதறாங்களா? அந்தக் கார்டை உங்களுக்குக் காட்டறாங்களா?

2. கருவிப் பொட்டலத்தை உங்க முன்னாடி பிரிக்கறாங்களா? ஆட்டோக்ளேவ்ல வெந்த கருவியா?

3. வெறும் மெஷின் மட்டுமா, கடைசியா கையாலயும் தடவிப் பாக்கறாங்களா?

4. சுகர், ரத்தம் உறையாம இருக்கற மாத்திரை, இதயத்துல பேஸ்மேக்கர்... எது இருந்தாலும் முதல்லயே நீங்களா சொல்லிடணும். சில மெஷினுக்கும் பேஸ்மேக்கருக்கும் பொருத்தம் பாக்கணும்.

5. அடுத்து எப்ப வரணும்? எல்லாருக்கும் ஆறு மாசம்னு கணக்கு கிடையாது. ஈறு நல்லா இருக்கறவங்க ஆறு மாசத்துக்கு ஒரு தடவை பண்ணாலும் வருஷத்துக்கு ஒரு தடவை பண்ணாலும் பெரிய வித்தியாசம் இல்லைன்னு 2018ல வந்த காக்ரேன் தொகுப்பு சொல்லுது. எங்க அம்மா மாதிரி ஆளுங்களுக்கு மூணு மாசம். ஆளைப் பொறுத்தது.

கடைசியா ஒண்ணு. அமெரிக்காவுல பிரிட்ஜ்போர்ட்ங்கற ஊர்ல ஆல்ஃப்ரெட் ஃபோன்ஸ்ங்கற பல் மருத்துவர் 1906ல தன்னோட உதவியாளர் ஐரீன் நியூமனுக்கு இந்த வேலையைக் கத்துக்கொடுத்தார். உலகத்தோட முதல் டென்டல் ஹைஜீனிஸ்ட் அவங்கதான். 1913ல அதுக்குன்னு பள்ளிக்கூடமே ஆரம்பிச்சார். நம்ம நாட்டுல 1948 பல் மருத்துவர்கள் சட்டத்துலயே, பல்லைச் சுரண்டிச் சுத்தம் பண்ணி, மெருகேத்தி, வாய் சுகாதாரம் சொல்லித்தர்றவங்கன்னு இந்தத் தொழிலுக்கு இடம் குடுத்திருக்காங்க. படிப்பும் இருக்கு, பதிவும் இருக்கு. ஆனா எங்க ஊர்ல என் தங்கச்சியை எல்லாரும் 'நர்ஸம்மா'ன்னுதான் கூப்பிடறாங்க. நகரியில இருந்து வர்றவங்களும் அப்படித்தான். "என்ன படிச்சே?"ன்னு கேட்டு, அவ பதில் சொன்னா, "ஓ, டாக்டருக்குப் படிக்கலையா"ம்பாங்க. அவ சிரிச்சுக்கிட்டே ரெண்டு மொழியிலயும் 'வாயைத் திறங்க' சொல்லிட்டு ப்ரோபைக் கையில எடுப்பா.

அடுத்த தடவை உங்க பல்லைச் சுத்தம் பண்றவங்ககிட்ட 'நீங்க ஹைஜீனிஸ்ட்டா?'ன்னு ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்க. ஆமான்னா அவங்க முகத்துல ஒரு வெளிச்சம் வரும். அப்படியே உங்க எண்ணையும் கேட்டு வாங்கிட்டு வாங்க.

டிஸ்கி: நான் பல் டாக்டர் இல்ல, பொட்டி தட்டுறவன். பல்லு வலின்னா பின்னூட்டத்துல கேக்காம டாக்டர்கிட்ட போங்க. 'க்ளீன் பண்ணா பல்லு போயிடும்' சாட்சிக் கதை உங்க ஊர்லயும் இருந்தா அதை மட்டும் பின்னூட்டத்துல போடுங்க. சேத்து வெச்சு தங்கச்சிகிட்ட காட்டணும். :-)